ஒப்பிடு

பத்மதீர்த்தம் ஃப்ளோ சிஸ்டம்ஸ் கம்பெனியில் பாதுகாப்புப் பண்பாட்டு வாரம் திங்கட்கிழமை காலை குத்துவிளக்கேற்றித் தொடங்கியது. விளக்கு வைத்த இடம் பெயின்ட் கிடங்கின் வாசல். நேர் மேலே 'இங்கே தீ கூடாது' என்று மூன்று மொழியில் பலகை தொங்கியது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் அந்தப் பலகைக்கும் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்.

கழக்கூட்டம் பைபாஸிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது அந்தத் தொழிற்சாலை. வால்வு செய்கிறார்கள். பெயருக்கு எடுத்துக்கொண்ட கோயில் குளத்தில் தண்ணீர் எந்தக் காலத்திலும் எங்கும் ஓடியதில்லை. ஓட்டத்தை நிறுத்துவதற்கென்றே இருக்கிற கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று முத்தாரம்மாள் நினைப்பதுண்டு. வெளியே சொன்னதில்லை.

முத்தாரம்மாளுக்கு வீடு தமிழர்கள் நிறைந்த ஆரியசாலையில். வயது நாற்பத்து மூன்று. பதினேழு வருஷமாக இந்தக் கம்பெனியில் எக்ஸ்ரே பார்க்கிறாள். எக்ஸ்ரே என்றதும் தெருவில் பாதிப் பேர் அவளை டாக்டருக்கு அடுத்த படி என்று நினைத்து முட்டுவலிக்கு வழி கேட்பார்கள். அவள் பார்ப்பது இரும்பின் எக்ஸ்ரே. வால்வின் இரண்டு பாகங்களை வெல்டு வைத்து ஒட்டியபின், ஒட்டு உள்ளே ஒழுங்காக விழுந்திருக்கிறதா, பொத்தலா, விரிசலா என்று படம் பிடிப்பார்கள். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்து, 'ஏற்கலாம்' என்றோ 'தள்ளு' என்றோ எழுதிக் கையெழுத்துப் போட அந்தக் கம்பெனியில் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒரே ஆள் அவள்தான்.

இப்போது கையில் இருந்தது நாற்பது வால்வு. போகிற இடம் ஓர் அணுமின் நிலையம். அணு உலையை நிறுத்திவிட்டாலும் அதன் சூடு உடனே நிற்காது. அடுப்பை அணைத்தபின்னும் இட்லிக் கொப்பரை கொதிப்பதுபோல உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க ஒரு தண்ணீர்ப் பாதை உண்டு. அந்தப் பாதையில் உட்காரப் போகிற வால்வுகள் இவை. தினமும் வேலை இருக்காது. முப்பது வருஷத்தில் ஒரு நாள் வேலை வரும். அன்றைக்கு ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் அவற்றின் ஜாதகம்.

எம்.டி. உமாசங்கர் அன்று முக்கால் மணி நேரம் பேசினார். கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்குப் 'பண்பாடு' என்ற வார்த்தை பல்லில் மாட்டிய பாக்குத்தூள்போல ஆகிவிட்டது. "பயம் எங்கே இருக்கிறதோ அங்கே பாதுகாப்பு இல்லை. ஆகவே இந்தக் கம்பெனியில் பயப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றார். கைதட்டினார்கள்.

பேச்சின் உச்சமாக ஒரு சுற்றறிக்கை வாசிக்கப்பட்டது. அச்சம் நீங்கத் தாய்மொழியே வழி. இனிமேல் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்தப் பதிவேட்டிலும் அவரவர் தாய்மொழியில் எழுதலாம். மலையாளம், தமிழ், ஒடியா, வங்காளம், எதுவானாலும் செல்லும். கீழே எம்.டி.யின் கையெழுத்து, முத்திரை.

தமிழர்களுக்கு மரியாதை செய்யும் விதமாகத் தமிழிலும் ஒரு போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தார்கள். 'முதலில் பாதுகாப்பு, பிறகு விபத்து' என்று அதில் இருந்தது. முத்தாரம்மாள் ஹெச்.ஆர். ஷில்பாவிடம் போய்ச் சொன்னாள்.

"சேச்சீ, அம்பதெண்ணம் அடிச்சு வந்நாச்சு. சாரமில்ல" என்றாள் ஷில்பா.

சாரமில்ல. மலையாளத்தில் அதற்குப் பரவாயில்லை என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது சத்தில்லை, சாறில்லை, வெறும் சக்கை என்று கேட்கும். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷைக்கும் நடுவிலேயே குடியிருக்கிற முத்தாரம்மாளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும். பல சமயம் இரண்டும் சரியாகவே இருக்கும்.

அந்த வாரம் ஒரு கருத்துக் கணிப்பும் உண்டு. 'நான் பயமில்லாமல் கேள்வி கேட்க முடியும்: ஆம் / இல்லை.' பெயர் எழுத வேண்டாம், ஊழியர் எண் மட்டும் போதும். போன வருஷம் வெல்டர் அபிலாஷ் 'இல்லை' என்று டிக் அடித்தான். மறுநாள் காலை, இல்லை என்று சொல்ல என்ன தைரியம் என்று கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த வருஷம் அவன் படிவம் வருவதற்கு முன்பே 'ஆம்' என்று வாயால் சொல்லிவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம்தான் படங்கள் வந்தன. எக்ஸ்ரே எடுக்கிற வேலை வெளிக் கான்ட்ராக்டருடையது. தினம் ஐந்து ஐந்தாக வர வேண்டியது நாற்பதும் ஒரே கட்டாக வந்தது. வியாழக்கிழமை மின்நிலையத்தின் இன்ஸ்பெக்டர் வெங்கடேஸ்வரன் வருகிறார். வெள்ளிக்கிழமை லாரி.

முத்தாரம்மாள் இருட்டறையில் விளக்குப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பது வரைக்கும் நன்றாகப் போயிற்று. முப்பத்தொன்றாம் படத்தில் ஒட்டின் இடது ஓரத்தில் எள் அளவுக்கு ஒரு கரும்புள்ளி. அனுமதிக்கிற அளவுதான், குற்றமில்லை. முப்பத்திரண்டிலும் எள். முப்பத்து மூன்றிலும் எள். முப்பத்து நாலை எடுப்பதற்கு முன்பே அவள் கை அந்த இடத்தைத் தேடிப் போய்விட்டது. அங்கே எள் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு படத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். எள்ளும் எள்ளும் பொருந்தின. ஒட்டின் நெளிவும் நெளிவும் பொருந்தின. பொருந்தாதது மூலையில் இருந்த எண் மட்டுமே. வால்வுக்குப் பக்கத்தில் ஈயத்தில் செய்த எண்ணை வைத்துப் படம் எடுப்பார்கள்; அதை மட்டும் மாற்றி மாற்றி வைத்து ஒரே வால்வைப் பத்துத் தடவை எடுத்திருக்கிறார்கள். முப்பத்தொன்று முதல் நாற்பது வரை பத்துப் படம், ஒரு வால்வு.

ஜெனரல் மானேஜர் ஸ்ரீகுமாரை இருட்டறைக்குக் கூப்பிட்டாள். ஸ்ரீகுமார் கோபிக்கிற ஆள் இல்லை. எதையும் சிரித்துக்கொண்டே தோளில் கைபோட்டு முடித்துவிடுகிறவர். பெண்களிடம் தோளுக்குப் பதில் நாற்காலியின் முதுகில் கை வைப்பார். நாற்காலியின் முதுகில் கை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"எந்தா முத்தூ, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா நல்லதல்லே? அதுக்குப் பேருதான் கன்சிஸ்டன்சி!"

"ஒரே மாதிரி இல்ல சார். ஒண்ணேதான்."

"எல்லாம் அபிலாஷ் ஒருத்தன் வச்ச வெல்டு. ஒரே கை. அப்போ புள்ளியும் ஒரே ஸ்தலத்தில வரும். சயன்ஸ் அல்லே?"

"எங்க பெரியம்மைக்குப் பத்துப் பிள்ளை சார். ஒரே வயிறு. பத்துக்கும் மூக்கில ஒரே இடத்தில மரு கிடையாது."

ஸ்ரீகுமார் சிரித்தார். கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார். கான்ட்ராக்டரின் கருவி செவ்வாய்க்கிழமை மக்கர் பண்ணிவிட்டது. முப்பத்தொன்று முடித்திருந்தான். மிச்சம் ஒன்பதை அவன் "ஒன்னு அட்ஜஸ்ட் செய்தான்." வால்வு எல்லாம் பிரஷர் டெஸ்டில் பாஸ். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பின்னே என்ன?

"இன்னைக்கு ஒழுகல்ல சார். உள்ள விரிசல் இருந்தா இருபது வருஷம் கழிச்சு ஒழுகும்."

"இருபது வருஷம் கழிஞ்ஞா நானும் ரிட்டயர், நீயும் ரிட்டயர். சாரமில்ல."

"அங்க இருக்குதவன் ரிட்டயர் ஆயிருக்க மாட்டான் சார். மறுபடி படம் எடுப்போம். ரெண்டு நாள்தானே?"

ஸ்ரீகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் கம்பெனியில் ஒரு நடைமுறை உண்டு. ஒத்துக்கொள்ள முடியாத காகிதம் வந்தால் சம்பந்தப்பட்டவர் அரை மணி நேரம் முறுக்கிக்கொள்ளலாம். அது அவருடைய உரிமை. மானேஜ்மென்ட் அதை மதித்து டீ வாங்கித் தரும். அரை மணி கழித்துக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். முத்தாரம்மாளும் பதினேழு வருஷத்தில் இரண்டு மூன்று தடவை டீ குடித்தவள்தான். பெயின்ட் நிறம் சற்று மங்கல், பெட்டியில் ஆணி ஒன்று குறைவு, அப்படிப்பட்ட விஷயங்கள். அந்தப் பழைய டீயின் ருசி இன்றைக்கு நாக்கில் கசந்தது.

டீ வந்தது. அவள் தொடவில்லை. அரை மணியும் தாண்டியது.

"நோக்கு முத்தூ," என்றார் ஸ்ரீகுமார், இன்னும் சிரிப்பு மாறாமல். "நாளைக்கு ஸ்டேஜில 'பாதுகாப்பு நட்சத்திரம்' அவார்டு யாருக்கு? உனக்கு. பேரு கொத்தியாச்சு. பின்னெ, உன் சர்டிபிகேட் அடுத்த மாசம் புதுக்கணும். கம்பெனி லெட்டர் வேணும். யாரு எழுதணும்?"

"நீங்க."

"ஆங். லெட்டர் இல்லாட்டி நீ இந்த ரூமில இருந்து ஸ்டோருக்குப் போய் கேஸ்கெட் எண்ணணும். எனக்கு அது சங்கடம். ரெஜிஸ்டரை எடு. ஒப்பிடு."

முத்தாரம்மாள் பதிவேட்டை எடுத்தாள். மேசைமேல் விரித்து அவர் பக்கமாகத் திருப்பினாள்.

"எழுதித் தாங்க சார். நான் உத்தரவுப்படி செஞ்சேன்னு இருக்கட்டும்."

ஸ்ரீகுமார் யோசித்தார். முப்பது வருஷ அனுபவத்தில் அவர் கற்ற பெரிய பாடம், எதை எழுதினாலும் குறைவாக எழுது என்பது. படம் என்றோ வால்வு என்றோ எண் என்றோ எழுதினால் நாளைக்குப் பிடிபடும். ஆகவே மிகுந்த எச்சரிக்கையோடு, பக்கத்தின் மேலே, அழகான மலையாள எழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். கீழே தேதியும் தன் கையெழுத்தும் போட்டார்.

'ஒப்பிடுக.'

மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. ஒப்பிடுக என்றால் கையெழுத்துப் போடுக. தமிழில் ஒப்பிடுக என்பது பரீட்சைத் தாளில் வருகிற பத்து மதிப்பெண் வினா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒத்துப்போகிறதா, எங்கே வேறுபடுகிறது, சொல். பள்ளிக்கூடத்தில் தமிழை முதல் பாடமாக எடுத்த முத்தாரம்மாள் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அன்று முழுக்க முதல் தடவையாகச் சிரித்தாள்.

"செய்துருதேன் சார்."

"அதல்லே சமர்த்து!" என்று ஸ்ரீகுமார் நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது கணவன் அழகியநம்பியிடம் விஷயத்தைச் சொன்னாள். அழகியநம்பிக்குச் சாலைக் கடைத்தெருவில் பைப்பும் குழாயும் விற்கிற கடை. வால்வு என்றால் அவருக்குத் தெரியும்.

"ஏட்டி, நம்ம கடையில வாங்குன குழாய் ஒழுகிச்சுன்னா கீழ ஒரு வாளியை வச்சுக்கிடுவான்," என்றார். "அங்க ஒழுகிச்சுன்னா கீழ என்னத்த வைப்பான்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

"கேட்டா வேலை போயிருமே?"

"போகும்."

அழகியநம்பி ஓர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். "போச்சுன்னா போகட்டும். கடையில நட்டு எண்ண ஆளில்ல. ஆனா ஒண்ணு, எங்கடையில அரை மணி நேரத்துக்கெல்லாம் டீ வராது கேட்டியா."

"அந்த டீயைத்தான் நேத்தே விட்டுட்டேனே," என்றாள் முத்தாரம்மாள். எழுந்து கை கழுவப் போனவள் பாதியில் நின்றாள். "நான் என்ன பயந்துட்டா சொல்லுதேன்?"

"யாரு சொன்னா பயம்னு? உன் கைதான் சட்னியை என் வேட்டியில ஊத்தியிருக்கு."

பதினோரு மணிக்குக் கேன்டீன் ஹாலில் விழா. இன்ஸ்பெக்டர் வெங்கடேஸ்வரன் முதல் வரிசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். கும்பகோணத்துப் பக்கத்து ஆள், ஒல்லி, அதிகம் பேசாதவர். மூன்று வருஷமாக இங்கே வந்து போகிறார். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார்கள். அதை அவர் வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவார். காவலாளிக்கு மட்டும் அவரைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம்.

மேடைக்குப் பக்கத்தில் ஸ்ரீகுமார் முத்தாரம்மாளை மறித்தார். "ஒப்பிட்டோ?"

"ஒப்பிட்டேன் சார்."

"நாப்பதும்?"

"நாப்பதும். ஒண்ணு விடல."

அவர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். நாற்பது வரியும் நிரம்பியிருந்தது, நாற்பதுக்கும் நேரே அவள் கையெழுத்து. நடுவில் உருண்டை உருண்டையாகத் தமிழ். அவருக்குத் தமிழ் பேசினால் புரியும். எழுத்து அவருக்கு ஜிலேபி. திருப்தியாக மூடி, பதிவேட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய் எம்.டி.யின் கையில் கொடுத்தார்.

உமாசங்கர் அதைத் தூக்கிப் பிடித்தார். தாய்மொழிச் சுற்றறிக்கை வந்து மூன்றே நாளில் விளைந்த முதல் கனி இது என்றார். நாற்பதுக்கு நாற்பது என்றார். நமது விருந்தினரும் தமிழர், அவருக்கு அவருடைய மொழியிலேயே இதைக் கேட்கிற பாக்கியம் கிடைக்கட்டும் என்று சொல்லி, "பாதுகாப்பு நட்சத்திரம் முத்தாரம்மாள், வரூ! வாயிக்கூ!" என்று கூப்பிட்டார்.

முத்தாரம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. பதிவேடு மேசையில் இருக்கும், இன்ஸ்பெக்டர் வந்து படிப்பார், அப்போது நான் அங்கே நிற்காமல் கூட இருக்கலாம் என்றுதான் அவள் கணக்கு. எழுதுவது வேறு, இருநூறு பேர் முன்னால் வாசிப்பது வேறு. மேடைக்கு நாலு படி. நாலாவது படியில் செருப்பு இடறியது. மேசைமேல் கண்ணாடியில் செய்த நட்சத்திரம் ஒன்று அவள் பெயரோடு மின்னிக்கொண்டிருந்தது. முதல் முப்பது வரியை மட்டும் வாசித்துவிட்டு நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை.

அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"பொது மேலாளர் எழுத்து மூலம் இட்ட உத்தரவின்படி நாற்பது படங்களையும் ஒப்பிட்டேன். முப்பது படங்கள் வெவ்வேறு வால்வுகளுடையவை. ஏற்கலாம். முப்பத்தொன்று முதல் நாற்பது வரை பத்தும் ஒரே வால்வின் படம். எண் மட்டும் மாற்றி வைக்கப்பட்டுள்ளது. பத்தில் ஒன்று நிஜமாக இருக்கலாம்; எது என்று படம் சொல்லாது. மற்ற ஒன்பது வால்வுகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை. பத்தையும் தள்ளுகிறேன்."

உமாசங்கர் கைதட்டினார். அவர் யார் பேசினாலும் கேட்பதில்லை, நிறுத்தினால் தட்டுவார். அவர் தட்டியதால் மேலாளர்கள் தட்டினார்கள். மேலாளர்கள் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். விஷயம் புரிந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள், புரிந்தது தெரியக் கூடாதே என்று. பின்வரிசையில் அபிலாஷ் மட்டும் எழுந்து நின்றே தட்டினான். அது வேறு வகைக் கைதட்டல். ஸ்ரீகுமாரின் கைகள் பாதி வழியில் ஒன்றுக்கொன்று கிட்டாமல் நின்றுவிட்டன.

வெங்கடேஸ்வரன் தட்டவில்லை. சத்தம் அடங்கியதும், "மறுபடி ஒரு தடவை வாசிங்கம்மா" என்றார்.

வாசித்தாள். இந்தத் தடவை யாரும் தட்டவில்லை.

ஸ்ரீகுமார் ஓடிப்போய் எம்.டி.யின் காதில் பேசினார். உமாசங்கரின் முகம் மூன்று நிறம் மாறி, கடைசியில் கருத்தரங்கு நிறத்துக்குத் திரும்பியது. பெரிய ஆள் பெரிய ஆள்தான். விழுகிற இடத்திலேயே ஒரு மேடை போட்டுக்கொள்வார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு மனம்விட்டுச் சிரித்தார்.

"எத்ர ரசம்! ஸ்ரீகுமார் மலையாளத்தில எழுதினாரு, ஒப்பிடுக. கையெழுத்துப் போடுக. நம்ம முத்தாரம்மாள் அதைத் தமிழில வாயிச்சு! பாஷை மாறிப்போயி, அத்ரயேயுள்ளூ. ஒரு சின்ன தெற்றித்தாரணை. அல்லே முத்தாரம்மாள்?"

ஹால் முழுக்க நிம்மதியாக மூச்சு விட்டது. எவ்வளவு அழகான கதவு! யாருக்கும் காயமில்லை. அவள் 'ஆமாம் சார், தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டு முடிப்பதற்குள் பதிவேடு திருந்திவிடும், அவளுக்கு லெட்டர், நட்சத்திரம் எல்லாம் உண்டு. ஸ்ரீகுமார் அவளைப் பார்த்த பார்வையில் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரிப்பில்லை. ஷில்பா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, "சேச்சி, ப்ளீஸ்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

முத்தாரம்மாளுக்கும் அந்தக் கதவு தெரிந்தது. நேற்று அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்தபோதே, பின்னால் ஓடிப் பதுங்க ஓர் இடமும் இதில் இருக்கிறது என்று மனசின் ஒரு மூலை குறித்துவைத்திருந்தது. அந்த மூலையை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இல்ல சார்," என்றாள். ஒலிபெருக்கி எம்.டி.யின் கையில் இருந்ததால் கொஞ்சம் கத்தியே சொன்னாள். "எனக்குப் பாஷை மாறல. பத்தாங்கிளாஸ்ல மலையாளத்தில எனக்குத் தொண்ணூத்தாறு மார்க்கு. ஸ்ரீகுமார் சார் கையெழுத்துப் போடத்தான் சொன்னாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். பத்துப் படமும் ஒண்ணுன்னு அவருக்கும் தெரியும், நான் காட்டினேன். போட மாட்டேன்னுதான் ஒப்பிட்டேன்."

"முத்தாரம்மாள், இரிக்கூ, நமுக்குப் பின்னெ பேசலாம்..."

"பயமில்லாமப் பேசணும்னு திங்கட்கிழமை நீங்கதானே சார் சொன்னிய? நான் பயந்துகிட்டேதான் பேசுதேன். கால் நடுங்குது பாருங்க. பயம் போன பிறகுதான் பேசணும்னா, அந்த வால்வு ஒழுகுன பிறகுதான் பேச முடியும்."

உமாசங்கர் ஒலிபெருக்கியை அணைத்தார். அணைத்தபின்னும் அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

வெங்கடேஸ்வரன் எழுந்தார். "படமெல்லாம் எங்கே இருக்கு மேடம்?"

"இருட்டறையில சார்."

"சாவி?"

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். இரண்டு பேரும் ஹாலின் நடுவழியே நடந்து போனார்கள். மேடையில் ஒரு கண்ணாடி நட்சத்திரம் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. பிரியாணி அண்டாவை அப்போதுதான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

இருட்டறையில் வெங்கடேஸ்வரன் முப்பத்தொன்றின்மேல் முப்பத்தைந்தை வைத்தார். எடுத்தார். நாற்பதை வைத்தார். எள்ளின்மேல் எள் உட்கார்ந்தது. மூன்றையும் கட்டில் திரும்பச் சேர்த்துவிட்டு, "போன வருஷம் இதே கான்ட்ராக்டர் படந்தான் ரெண்டு பேட்ச் வந்தது. நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார். "ஒண்ணொண்ணாத்தான் பார்த்தேன். சேர்த்து வச்சுப் பார்க்கல."

"அதை நானும் சேத்து வச்சுப் பாக்கல சார்," என்றாள் முத்தாரம்மாள்.

அவர் பையிலிருந்து சிவப்பு அட்டைகளை எடுத்தார். மாலைக்குள் நாற்பது வால்விலும் சிவப்பு அட்டை தொங்கியது. போன வருஷத்துப் பெட்டிகளையும் திறக்கச் சொல்லி அவர் மின்நிலையத்துக்கு எழுதினார். கிளம்பும்போது சிப்ஸ் பொட்டலம் கொடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. காவலாளிக்குத்தான் அன்று நஷ்டம்.

வேறு கான்ட்ராக்டரை வைத்துப் பத்து வால்வையும் மறுபடி படம் எடுத்தார்கள். அவற்றை முத்தாரம்மாளே பார்க்க வேண்டும் என்று வெங்கடேஸ்வரன் கடிதத்தில் ஒரு வரி போட்டிருந்ததால் அவள் இருட்டறையிலேயே இருந்தாள். ஏழு சரியாக இருந்தன. இரண்டில் ஒட்டு அடிவரை இறங்கவே இல்லை. ஒன்றில் தலைமயிர் போல மெல்லிசாக, ஆனால் நீளமாக, ஒரு விரிசல். பிரஷர் டெஸ்டில் ஒரு சொட்டும் ஒழுகாத வால்வு அது.

கம்பெனி இதைச் சும்மா விடவில்லை. அடுத்த மாதப் பத்திரிகையில் 'நமது பாதுகாப்புப் பண்பாட்டின் வெற்றி: குறையை நாமே கண்டுபிடித்தோம்' என்று உமாசங்கரின் படத்தோடு ஒரு பக்கம் வந்தது. நாமே என்பதில் முத்தாரம்மாள் இல்லை. ஸ்ரீகுமாரைப் 'பாதுகாப்புப் பண்பாட்டு இயக்குநர்' ஆக்கினார்கள். கண்ணாடி நட்சத்திரத்தில் கொத்திய பெயரைத் தேய்த்துவிட்டு ஷில்பாவுக்குக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 'ரம்மா' என்று இன்னும் தெரியும்.

மின்நிலையத்துக்கு அனுப்பிய விளக்க அறிக்கையில் 'மூலகாரணம்' என்ற கட்டத்துக்கு நேரே 'மொழித் தொடர்புக் குறைபாடு' என்று எழுதியிருந்தது. 'திருத்த நடவடிக்கை' என்ற கட்டத்துக்கு நேரே: 'ஊழியர் முத்தாரம்மாளுக்கு மூன்று நாள் மலையாளப் பயிற்சி.' அவளுடைய சான்றிதழுக்கான லெட்டர் அந்தப் பயிற்சி முடிந்ததும் பரிசீலிக்கப்படும்.

பயிற்சி ஒரு செவ்வாய்க்கிழமை, கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் நடந்தது. ஷில்பாதான் ஆசிரியை. அ, ஆ என்று பலகையில் எழுதிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சேச்சி எனக்குப் படிப்பிக்கலாம்" என்றாள். இரண்டு பேரும் டீ குடித்தார்கள். வாங்கித் தந்தது மானேஜ்மென்ட் இல்லை என்பதால் முத்தாரம்மாள் குடித்தாள். நாற்பது நிமிஷத்தில் பயிற்சி முடிந்தது.

ஷில்பா ஒரு தாளை நீட்டினாள். 'மேற்படி ஊழியர் மூன்று நாட்கள், பதினெட்டு மணி நேரம் முழுமையாகப் பயிற்சி பெற்றார்' என்று அச்சடித்திருந்தது. கீழே ஒரு கோடு.

"கழிஞ்ஞு சேச்சி. இனி லெட்டர் கிட்டும். இவிடெ ஒன்னு ஒப்பிட்டேக்கு," என்று பேனாவையும் கொடுத்த ஷில்பா, சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்து திடுக்கிட்டாள். அந்தக் கம்பெனியில் ஒரு மாதமாக எல்லோரும் ஜாக்கிரதையாக 'சைன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஐயோ! சைன்! சைன் செய்யூன்னு பறஞ்ஞதா சேச்சி!"

முத்தாரம்மாள் தாளைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி, தமிழில் ஒப்பிட்டாள்.